சிஆர்எம் பதிவுகள் முழுசா இருக்கா என்று எப்படிச் சரிபார்ப்பது? சதவீதம் நம்பும்படியாக இல்லை

அம்பத்தூர் ஆபரேஷன்ஸ் கேட்டது:

வணக்கம். பம்ப், வால்வு, உதிரிபாகம் விற்பனையும் சர்வீஸும் செய்யும் நிறுவனம். சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் மென்பொருள்) ஏறக்குறைய 40,000 வாடிக்கையாளர் பதிவுகள் இருக்கின்றன. டீலர், தொழிற்சாலை, அபார்ட்மெண்ட் சங்கம், வீட்டுக்கு மோட்டார் வாங்கியவர் என்று எல்லாரும் ஒரே மாட்யூலில்.

நிர்வாகம் கேட்பது ஒரே எண்: "டேட்டா எத்தனை சதவீதம் கம்ப்ளீட்?" ஒவ்வொரு ஃபீல்டிலும் காலியாக இல்லாதவற்றை எண்ணிச் சராசரி எடுத்தேன். 86 சதவீதம் வருகிறது. ஆனால் சர்வீஸ் நினைவூட்டல் அனுப்பினால் நிறைய எண்களுக்குப் போய்ச் சேருவதில்லை. பில் போடும் நேரத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்காகவும் பின்கோடுக்காகவும் திரும்பத் திரும்ப வாடிக்கையாளருக்கே போன் போகிறது. 86 என்று சொல்லிவிட்டு இதை விளக்க முடியவில்லை.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த ஃபீல்டுகளைக் கணக்கில் எடுப்பது? ஒப்புக்கு நிரப்பியதை எப்படிப் பிடிப்பது? எல்லா ஃபீல்டையும் மேண்டேட்டரி ஆக்கிவிட்டால் பிரச்சினை தீருமா? எக்செல் நன்றாக வரும், எஸ்க்யூஎல் ஓரளவு.

---

கிண்டி டேட்டா பதில்:

அந்த 86ல் பாதி சிஆர்எம் தானே நிரப்பியது. உருவாக்கிய தேதி, பதிவின் ஐடி, ஓனர், கரன்சி, நாடு இவையெல்லாம் எப்போதும் 100 சதவீதம்தான் இருக்கும். சராசரியை மேலே இழுப்பது இவைதான். முதலில் இவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், எண் சட்டென்று இறங்கும்.

அடுத்தது, கீழே வகுக்கும் எண். வீட்டு வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி எண் இல்லாதது குறையே இல்லை. டீலரிடம் இல்லையென்றால் பெரிய குறை. இரண்டையும் சேர்த்து 40,000ஆல் வகுத்தால் வரும் சதவீதத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு எக்செல் தாளில் இடப்பக்கம் ஃபீல்டு பெயர்கள், மேலே வாடிக்கையாளர் வகைகள் என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: கட்டாயம், பொருந்தாது, பிறகு பார்க்கலாம். "கட்டாயம்" என்று எழுதும்போது பக்கத்திலேயே எந்த வேலைக்கு என்றும் எழுத வேண்டும். வேலை சொல்ல முடியாத ஃபீல்டு கட்டாயம் இல்லை. இந்தத் தாளை விற்பனை, சர்வீஸ், அக்கவுண்ட்ஸ் மூவரையும் உட்கார வைத்து முடியுங்கள், தனியாகப் போட்டால் பிறகு சண்டைதான்.

வாடிக்கையாளர் வகையே காலியாக இருக்கும் பதிவுகளைத் தனி வரிசையாகக் காட்டுங்கள். எந்த விதி பொருந்தும் என்றே தெரியாத பதிவுகள் அவை. அவற்றை ஏதாவது ஒரு வகையில் போட்டு மறைக்கக் கூடாது.

ஃபீல்டு வாரியான சதவீதமும் ஏமாற்றும். ஐந்து கட்டாய ஃபீல்டுகள், ஒவ்வொன்றும் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். விடுபட்டவை தொடர்பில்லாமல் சிதறிக் கிடந்தால் ஐந்தும் நிரம்பிய பதிவுகள் 59 சதவீதம்தான். நடைமுறையில் ஒரே பதிவில் பல ஃபீல்டு சேர்ந்தே விடுபடும் என்பதால் 59க்கும் 90க்கும் நடுவில் எங்கோ வரும். பில் போடுபவருக்கு வேண்டியது இந்தப் பதிவு அளவிலான எண்.

இப்போது ஒப்புக்கு நிரப்பியது. இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம், பிவட் டேபிள் போதும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மதிப்பு, அது எத்தனை முறை வருகிறது என்று எடுத்து, அதிகம் வருவது மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் 30 வரியைக் கண்ணால் பாருங்கள். 9999999999, 1234567890, ஒரு புள்ளி, ஒரு கோடு, "என்ஏ", "இல்லை", "டெஸ்ட்", 1900 ஜனவரி 1 என்ற தேதி எல்லாம் தானாக மேலே வந்து நிற்கும். பின்கோடில் 600001 அளவுக்கு மீறி வந்தால், பாரிமுனையில் அத்தனை வாடிக்கையாளர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது யாரோ தெரியாமல் போட்ட பின்கோடாகவே இருக்கும். மொபைல் ஃபீல்டில் சரியான வடிவத்தில் இருக்கும் ஒரே எண் நூற்றுக்கணக்கான பதிவுகளில் வந்தால், அது பதிவு செய்தவரின் சொந்த எண்ணோ கடை எண்ணோ ஆகத்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு டம்மி பட்டியலில் சேர்த்து, கணக்கில் "காலி" என்றே எடுங்கள். அசல் மதிப்பை அழிக்காமல் பக்கத்தில் புது காலம் (column, நெடுவரிசை) போட்டு அதில் குறியுங்கள். பட்டியல் தப்பாகிவிட்டால் திரும்பி வர வழி வேண்டும்.

காலி என்பதிலும் வகை உண்டு. எஸ்க்யூஎல்லில் காலம் பெயர் கொடுத்து கவுண்ட் போட்டால் NULL (மதிப்பே இல்லாத நிலை) மட்டும்தான் விடுபடும். வெற்று எழுத்துத் தொடரும், ஒரே ஒரு ஸ்பேஸும் "நிரம்பியது" என்றே எண்ணப்படும். ட்ரிம் செய்து (ஓரத்து ஸ்பேஸை நீக்கி), வெற்றாக வந்தால் NULL ஆக மாற்றி, அதன் மேல் கவுண்ட் போடுங்கள். ஆரக்கிளில் வெற்றுத் தொடரும் NULL-உம் ஒன்று. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லில் வேறு வேறு. ஒரே வினவலை இரண்டு இடத்தில் ஓட்டி எண் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எக்செல்லில் இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது. ஃபார்முலா வெற்றுத் தொடரைத் திருப்பினால் அந்தச் செல்லை கவுண்ட்ஏ நிரம்பியதாக எண்ணும், கவுண்ட்பிளாங்க் காலியாகவும் எண்ணும். இரண்டையும் கூட்டினால் மொத்த வரிகளைவிட அதிகம் வரும். வெப்சைட்டிலிருந்து காப்பி செய்து ஒட்டிய விவரத்தில் 160ஆம் எண் கொண்ட ஸ்பேஸ் வரும், ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் போட்டு அதை முதலில் நீக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். எண் அல்லாத எழுத்தெல்லாம் நீக்கிவிட்டு நீளம் பாருங்கள். 10 இலக்கம், 6, 7, 8, 9ல் தொடங்கினால் மொபைல் வடிவம். 10 இலக்கம் ஆனால் 44ல் தொடங்கினால் அது சென்னை லேண்ட்லைன்: 044 போட்டு 8 இலக்கம் அடித்திருக்கிறார்கள், எக்செல் முன்னால் இருந்த பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. உங்கள் நினைவூட்டல் போய்ச் சேராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், மொபைல் ஃபீல்டில் லேண்ட்லைன் உட்கார்ந்திருக்கிறது. 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் சயின்டிஃபிக் வடிவில் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக சேவ் செய்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப வராது. ஃபைலை இரட்டை கிளிக் செய்து திறக்காமல், டேட்டா டேபிலிருந்து இறக்குமதி செய்து, அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் வடிவம் சரியாக இருப்பது ஆள் சரி என்று ஆகாது. "முழுமை" என்று தேறிய பதிவுகளிலிருந்து ராண்டமாக 60 எடுத்து போன் செய்து பாருங்கள். 60ல் ஒன்றுகூடத் தப்பில்லை என்றால், மொத்தத்தில் தப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். பட்டியலின் முதல் 60 என்று எடுக்காதீர்கள், அவை பழைய பதிவுகளாகவோ ஒரே ஆள் போட்டவையாகவோ இருக்கும்.

---

மண்ணடி அக்கவுண்ட்ஸ் பதில்:

கிண்டி டேட்டா சொன்னதோடு பில்லிங் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். பணம் நிற்கும் இடம் அதுதான்.

ஜிஎஸ்டி எண்ணை "இருக்கு, இல்லை" என்று பார்த்தால் போதாது. 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்தும் பான் எண். 13ஆவது, அதே பானுக்கு அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14ஆவது வழக்கமாக இசட். 15ஆவது சரிபார்ப்பு எழுத்து. எக்செல்லில் லென், லெஃப்ட், மிட் மூன்றையும் வைத்தே பாதித் தப்பைப் பிடிக்கலாம். நீளம் 15 இல்லை, முதல் இரண்டும் முகவரியின் மாநிலத்தோடு ஒத்துப்போகவில்லை, பான் பகுதி ஐந்து எழுத்து நான்கு எண் ஒரு எழுத்து என்று வரவில்லை, இப்படி. பானின் நான்காவது எழுத்தையும் பாருங்கள். கம்பெனிக்கு சி, தனிநபருக்கு பி, கூட்டு நிறுவனத்துக்கு எஃப். பெயரில் பிரைவேட் லிமிடெட் என்று இருந்து நான்காவது எழுத்து பி என்றால், உரிமையாளரின் பழைய எண்ணைக் கொடுத்திருக்கலாம்.

சரிபார்ப்பு எழுத்தையும் கணக்கிட்டுவிடலாம். 0 முதல் 9 வரை அதே மதிப்பு, ஏ முதல் இசட் வரை 10லிருந்து 35. முதல் 14 எழுத்துகளின் மதிப்பை இடமிருந்து 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். ஒவ்வொரு பெருக்குத்தொகையையும் 36ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி 36ஆல் வகுத்த மீதியை 36லிருந்து கழித்தால் 15ஆவது எழுத்தின் மதிப்பு. மீதி பூஜ்யம் வந்தால் அந்த எழுத்தும் பூஜ்யம். இது அடித்ததில் பிழையை மட்டும்தான் காட்டும். பதிவு ரத்தாகிவிட்டதா என்று தெரிய ஜிஎஸ்டி போர்ட்டலில் தேடித்தான் ஆக வேண்டும். அடிக்கடி பில் போகும் வாடிக்கையாளருக்கு மட்டும் செய்தால் போதும், 40,000க்கும் வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போன நிறுவனங்கள், ஜிஎஸ்டி பதிவுள்ள வாங்குபவருக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதியும் மின்-பில்) எடுக்க வேண்டும். அதில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், சட்டப்பூர்வப் பெயர், முகவரி, ஊர், பின்கோடு, மாநிலக் குறியீடு அத்தனையும் கேட்கும். பின்கோடும் மாநிலமும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். ஆக, டீலருக்கும் தொழிற்சாலைக்கும் "பில் போடலாம்" என்பதற்கு எந்தெந்த ஃபீல்டு என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், இந்தப் பட்டியலே விடை.

அபார்ட்மெண்ட் சங்கத்தில்தான் குழப்பம் வரும். சிலவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவு உண்டு, பலவற்றுக்குக் கிடையாது. அதனால் ஜிஎஸ்டி எண்ணைக் கட்டாயமாக்காதீர்கள். "பதிவு வகை" என்று ஒரு பிக்லிஸ்ட் (தேர்வுப் பட்டியல்) வைத்து அதைக் கட்டாயமாக்குங்கள்: சாதாரணப் பதிவு, காம்பொசிஷன் (சிறு வணிகர் திட்டம்), எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டலம்), பதிவு இல்லை. கடைசி வகை தவிர மற்றவற்றுக்கு எண் கட்டாயம். அப்போதுதான் "கேட்கவில்லை"யும் "பதிவே கிடையாது"வும் பிரியும்.

பின்கோடிலிருந்து மாவட்டத்தை நிரப்பும்போது 600 என்று தொடங்கினாலே சென்னை என்று போட்டுவிடாதீர்கள். தாம்பரம் 600045, ஆனால் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி 600054, திருவள்ளூர் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019ல்தான். அதற்கு முன் போட்ட பதிவுகளில் அந்தப் பகுதிகளுக்குக் காஞ்சிபுரம் என்று இருக்கும். ஃபீல்டு நிரம்பியிருக்கிறது, சர்வீஸ் ஆளைப் பிரித்து அனுப்பும்போதுதான் இடிக்கும். 605ல் புதுச்சேரியும் வருகிறது, விழுப்புரமும் வருகிறது. முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலம் போட்டால் வரியே மாறிப்போகும். அஞ்சல் துறையின் முழுப் பின்கோடு பட்டியல் அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது, அதை வைத்து ஆறு இலக்கத்தையும் பொருத்துங்கள்.

இன்னொன்று, எந்தச் சதவீதமும் காட்டாத ஓட்டை: சிஆர்எம்மில் பதிவே இல்லாத வாடிக்கையாளர். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து சண்ட்ரி டெட்டார்ஸ் (பில் போன வாடிக்கையாளர்) லெட்ஜர்களை ஜிஎஸ்டி எண்ணோடு எடுத்து சிஆர்எம் பட்டியலோடு பொருத்துங்கள். டேலியில் மட்டும் இருப்பவர்கள் பணம் கொடுத்து வாங்கியவர்கள், விற்பனைக் குழுவுக்கே தெரியாதவர்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு மொபைல் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். பெயரை வைத்து வேண்டாம், டேலியில் ஒரு விதமாகவும் சிஆர்எம்மில் வேறு விதமாகவும்தான் எழுதியிருப்பார்கள்.

---

போரூர் அட்மின் பதில்:

மூன்றாவது கேள்விக்கு: மேண்டேட்டரி ஆக்குவதைக் கடைசியில் வையுங்கள். இப்போதே எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் காலி ஃபீல்டு குறையும், புள்ளியும் கோடும் கூடும். காலியாக இருந்தால் கண்டுபிடிக்கலாம். 9876543210 என்று போட்டுவிட்டால் அது காலி என்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

நம்ம ஊர்ப் பெயரிலேயே இதைப் பார்க்கலாம். ஸோஹோ சிஆர்எம்மிலும் சேல்ஸ்ஃபோர்ஸிலும் காண்டாக்ட் போட லாஸ்ட் நேம் கட்டாயம். இனிஷியல் போடும் ஊரில் லாஸ்ட் நேம் எங்கே இருக்கிறது? ஒருவர் முருகேசன் என்பதை ஃபர்ஸ்ட் நேமில் போட்டு லாஸ்ட் நேமில் கே என்பார், இன்னொருவர் தலைகீழாகப் போடுவார், மூன்றாமவர் புள்ளி வைப்பார். அதனால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் தனித்தனிச் சதவீதத்தை அறிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து, புள்ளியும் ஸ்பேஸும் நீக்கி, மூன்று எழுத்துக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். இனிமேல் போடுவதற்கு ஒரே வழக்கம்: பெயர் லாஸ்ட் நேமில், இனிஷியல் ஃபர்ஸ்ட் நேமில்.

கட்டாயம் என்பதை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சேல்ஸ்ஃபோர்ஸில் பேஜ் லேஅவுட்டில் (திரை அமைப்பில்) மட்டும் கட்டாயமாக்கினால் திரையில் அடிப்பவரைத்தான் தடுக்கும். ஏபிஐ (மென்பொருளுக்கு மென்பொருள் பேசும் வழி) வழியாகவும் இறக்குமதியிலும் காலியாகவே உள்ளே வரும். ஃபீல்டிலேயே கட்டாயம் என்று வைத்தால் எல்லா வழியும் அடைபடும், வெப் ஃபார்மில் வரும் லீட்கூட (விசாரித்தவர் பதிவு) நின்றுபோகும். நடுவழி, வாலிடேஷன் ரூல் (சேவ் செய்யும்போது நிபந்தனை பார்க்கும் விதி): லீட் நிலையில் பெயரும் ஒரு தொடர்பு வழியும் போதும், கொட்டேஷன் போகும்போது வகையும் ஊரும், ஆர்டர் நிலைக்கு மாற்றும்போது மண்ணடி சொன்ன பில் பட்டியல். எந்த நேரத்தில் அந்த விவரம் கையில் இருக்குமோ அந்த நேரத்தில் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

"கேட்டேன், தரவில்லை" என்று போட ஒரு இடம் கொடுங்கள். அது இல்லாததால்தான் பாதிப் பேர் டம்மி போடுகிறார்கள். மொபைல் ஃபீல்டுக்குப் பக்கத்தில் "மொபைல் நிலை" என்று ஒரு சின்ன பிக்லிஸ்ட்: சரிபார்த்தது, கேட்கவில்லை, தர மறுத்தார், எண் மாறிவிட்டது.

காலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விடுபட்ட பதிவுகளை லீட் சோர்ஸ் (பதிவு வந்த வழி) ஒரு பக்கம், உருவாக்கிய மாதம் இன்னொரு பக்கம் வைத்து பிவட் போட்டால், ஓட்டை ஒன்றிரண்டு வழியில் குவிந்திருப்பது தெரியும். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் கண்காட்சி முடிந்து விசிட்டிங் கார்டுகளை மொத்தமாக ஏற்றிய மாதத்தில் பின்கோடே இருக்காது. அந்த ஒரு டெம்ப்ளேட்டில் ஒரு காலம் சேர்த்தால் அடுத்த ஆயிரம் பதிவுகள் சரியாக வரும்.

இறக்குமதியே இருப்பதையும் அழிக்கும். சேல்ஸ்ஃபோர்ஸ் டேட்டா லோடர் (மொத்தமாக ஏற்றும் கருவி) அப்டேட்டின்போது காலிச் செல்லை வழக்கமாக விட்டுவிடும், ஆனால் NULL மதிப்பைச் செருகு என்ற செட்டிங் போட்டிருந்தால் பழைய மதிப்பைத் துடைத்துவிடும். பல்க் ஏபிஐ முறையில் துடைக்க #N/A என்று எழுத வேண்டும். வேறு எந்த மென்பொருளானாலும் ஐந்தே பதிவை வைத்துச் சோதித்துவிட்டுப் பெரிய ஃபைலைத் தொடுங்கள்.

சட்டமும் இரண்டு பக்கமும் பேசுகிறது. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(3) பிரிவில், ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்கவோ வேறு நிறுவனத்திடம் கொடுக்கவோ பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணில்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம் சம்மதம் வாங்கிய நோக்கத்துக்குத் தேவையான தரவோடு நிறுத்தச் சொல்கிறது. சதவீதத்தைக் கூட்டுவதற்காக வீட்டு வாடிக்கையாளரின் பிறந்த தேதி கேட்கும் ஃபீல்டெல்லாம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

---

அம்பத்தூர் ஆபரேஷன்ஸ்:

மூவருக்கும் மிக்க நன்றி. பிவட் போட்டதும் மொபைல் ஃபீல்டில் முதலிடம் எங்கள் சர்வீஸ் டெஸ்க் எண்ணுக்கே. இன்னும் இரண்டு சந்தேகம். "ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) உண்டு" என்பது செக்பாக்ஸ், அதில் காலியை எப்படி எண்ணுவது? நிர்வாகத்துக்கு வாராவாரம் எதைக் காட்டுவது?

---

போரூர் அட்மின்:

எண்ண முடியாது சார். செக்பாக்ஸில் டிக் இல்லை என்றால் "ஏஎம்சி இல்லை"யா, "யாரும் பார்க்கவில்லை"யா என்று தெரிய வழியே கிடையாது. உண்டு, இல்லை, தெரியாது என்று மூன்று மதிப்புள்ள பிக்லிஸ்ட்டாக மாற்றுங்கள். மாற்றும்போது டிக் உள்ளவை "உண்டு", மற்ற எல்லாம் "தெரியாது". "இல்லை" என்று போட்டுவிடாதீர்கள். எண் ஃபீல்டிலும் இதே கதைதான். சேல்ஸ்ஃபோர்ஸ் ஃபார்முலாவில் காலியைப் பூஜ்யமாக எடு என்ற தேர்வு இருந்தால், காலியா என்று கேட்டாலும் இல்லை என்றே சொல்லும். காலியைக் காலியாகவே எடு என்று மாற்றிவிட்டு முழுமையைக் கணக்கிடும் ஃபார்முலா எழுதுங்கள்.

---

கிண்டி டேட்டா:

ஒரே எண் கேட்டால் மூன்று எண் கொடுங்கள்: கூப்பிடலாம், பில் போடலாம், சர்வீஸ் ஆள் அனுப்பலாம். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டாயப் பட்டியல், பதிவு அளவில் எண்ணியது. சர்வீஸ் பட்டியலில் முகவரி வரும்போது சென்னைக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டுக்கும் இடம் வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பல தெருக்களில் ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார்.

சதவீதத்தோடு மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். ஆயிரம் புது லீட் ஏறிய வாரத்தில் சதவீதம் இறங்கும், பழைய பதிவு எதுவும் கெட்டிருக்காது. சிஆர்எம் அறிக்கை இன்றைய நிலையைத்தான் காட்டும். அதனால் திங்கட்கிழமை காலை ஓட்டி, தேதி போட்டு ஒரு தாளில் வரி வரியாகச் சேர்த்து வையுங்கள். டம்மி பட்டியலிலோ விதியிலோ மாற்றம் செய்த வாரத்தை அதே வரியில் குறியுங்கள்.

சரிசெய்வதை 40,000லிருந்து தொடங்க வேண்டாம். திறந்திருக்கும் ஆர்டர், அடுத்து கடந்த 12 மாதத்தில் பில் போன வாடிக்கையாளர், அதற்கடுத்து ஏஎம்சி முடியப்போகிறவர்கள். மற்றவை அவர்களே கூப்பிடும்போது நிரம்பட்டும். போன் எடுப்பவரின் திரையில் அந்தப் பதிவில் விடுபட்ட ஒரு ஃபீல்டை மட்டும் மேலே காட்டுங்கள். ஆறு ஃபீல்டைக் காட்டினால் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.